ஒரு பாதம், நான்கு நம்பிக்கைகள்: சிவனொளிபாத மலைக்கு ஒரு பயணம்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் இருந்து மஸ்கெலியா வழியாக வளைந்து வளைந்து போகும் பஸ் கடைசியாக நிற்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி. டிசம்பர் முதல் மே வரை இந்தச் சின்ன ஊர் இரவில் தூங்குவதில்லை. நள்ளிரவிலும் டீக்கடைகளில் கூட்டம் இருக்கும். கம்பளித் தொப்பி விற்பவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால், இருட்டுக்குள் ஒரு விளக்கு வரிசை மேலே மேலே போய் மேகத்துக்குள் மறைந்துவிடும். அந்த விளக்கு வரிசைதான் படிக்கட்டு. அது முடியும் இடத்தில் ஒரு பாறை. பாறையில் ஒரு காலடித் தடம்.

மலையின் உயரம் 2,243 மீட்டர். இலங்கையின் மிக உயரமான மலை இதுவல்ல. பீதுருதாலகால மலைக்குத்தான் அந்தப் பெருமை. ஆனால், இலங்கையில் அதிகம் பேர் ஏற ஆசைப்படும் மலை இதுதான். சிங்களத்தில் ஸ்ரீபாத. தமிழில் சிவனொளிபாத மலை. அரபுப் பயணிகளும் ஐரோப்பியர்களும் வைத்த பெயர் ஆதாம் மலை. இத்தனை பெயர்கள் ஏன் என்று கேட்டால், அந்த ஒற்றைக் காலடியில்தான் பதில் இருக்கிறது.

யாருடைய பாதம்?

பௌத்தர்களைக் கேட்டால், அது புத்தர் பதித்த பாதம் என்பார்கள். மலையின் காவல் தெய்வமான சமன் தேவன் வேண்டிக்கொண்டதால், இலங்கைக்கு வந்த புத்தர் இந்த உச்சியில் தன் இடது பாதத்தைப் பதித்துவிட்டுப் போனார் என்பது அவர்கள் நம்பிக்கை.

சைவர்களுக்கு அது சிவபெருமானின் பாதம். மலையின் தமிழ்ப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

இஸ்லாமிய மரபில் அது முதல் மனிதர் ஆதம் நபியின் காலடி. சொர்க்கத்தில் இருந்து இறக்கப்பட்ட அவர் முதலில் கால் வைத்த இடம் செரந்தீப் என்ற இந்தத் தீவு. செய்த பிழைக்கு வருந்தி, இந்த உச்சியில் ஒற்றைக் காலில் நின்றார் என்று சொல்வார்கள். போர்த்துக்கீசியர்கள் வந்த பிறகு, இது இயேசுவின் சீடரான புனித தோமாவின் பாதம் என்ற கதையும் சேர்ந்துகொண்டது.

தமிழுக்குள்ளேயே இரண்டு கதைகள் உண்டு என்பதுதான் சுவாரஸ்யம். சிவனின் பாதம் என்று பெயர் வைத்த அதே தமிழில்தான் மணிமேகலையும் எழுதப்பட்டது. அந்தக் காப்பியம் இரத்தினத் தீவத்தில் உள்ள சமந்தம் என்ற மலை உச்சியில் புத்தரின் பாதங்கள் இருப்பதாகச் சொல்கிறது.

நான்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஒரு பாறையில் இருக்கும் ஒரு தடம், ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இந்த மலைக்கு வருபவர்களுக்கும் அது தெரியும். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று அவர்கள் பூசி மெழுகுவதில்லை. பௌத்தருக்கு அது புத்தரின் பாதம்தான். சைவருக்கு அது சிவபாதம்தான். தங்கள் நம்பிக்கையில் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்காமல், பக்கத்தில் வருபவரின் கையைப் பிடித்து அடுத்த படிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

ஐயாயிரம் படிகள்

நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஏற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சூரிய உதயத்தை உச்சியில் பார்க்க வேண்டும் என்பதால், பெரும்பாலானவர்கள் நள்ளிரவு கழிந்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் பாதை சமதளமாக, தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகப் போகிறது. ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் கட்டிய வெள்ளை நிற அமைதித் தூபி ஒன்று வழியில் வரும். சீத கங்குல என்ற ஓடையில் முகம் கழுவுவார்கள், சிலர் அந்தக் குளிரிலும் முங்கிக் குளிப்பார்கள். பிறகுதான் உண்மையான ஏற்றம்.

கிராமங்களில் இருந்து வரும் சிங்களக் குடும்பங்கள் கூட்டமாகவே வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘நடே’ என்று பெயர். பலமுறை மலையேறிய மூத்தவர் ஒருவர் முன்னால் நடப்பார். அவர் ‘நடே குரா’. நம் ஊர் சபரிமலைக் குழுக்களில் குருசாமி இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் எதிர்ப்படும்போது ‘கருணாவாய்’ என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள். கருணை உண்டாகட்டும் என்று பொருள். எதிரில் வருபவர் என்ன மதம் என்று பார்த்து அந்த வார்த்தை வருவதில்லை.

இந்திகட்டுபான என்ற இடத்தில், புத்தர் தன் கிழிந்த அங்கியைத் தைத்துக்கொண்டார் என்பது நம்பிக்கை. அதனால் அங்கே ஊசியில் நூலைக் கோத்துக் காணிக்கையாக விடுவார்கள். நீண்டு தொங்கும் வெள்ளை நூல்கள் விளக்கொளியில் சிலந்தி வலை போலத் தெரியும். பாதையோரத்தில் பெலி மல் எனப்படும் வில்வப்பூத் தேநீரைக் கருப்பட்டித் துண்டோடு கொடுப்பார்கள். இப்படி இலவசமாக உணவும் பானமும் தருவதற்கு இலங்கையில் ‘தன்சல்’ என்று பெயர். நம் ஊர் நீர்மோர்ப் பந்தலின் உறவுக்காரர். கை நீட்டியவருக்குக் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

கடைசிப் பகுதிதான் கடினம். படிகள் செங்குத்தாகிவிடும். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி ஏறி ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அப்போது முதியவர்களுக்கு முதுகைத் தாங்கிக் கொடுப்பவர் யார், குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்பவர் யார் என்று பெயர் கேட்க எவருக்கும் மூச்சு மிச்சம் இருக்காது.

1344ல் வந்த விருந்தாளி

இந்தக் காட்சி புதிதல்ல. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார். மொராக்கோவைச் சேர்ந்த பயணி இபன் பதூதா. 1344ல் மாலத்தீவில் இருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. புத்தளம் பகுதியில் கரையேறிய அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்தின் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னர் சைவர், விருந்தாளி முஸ்லிம்.

ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பது ஒன்றுதான் தன் விருப்பம் என்றார் விருந்தாளி. ‘அது யாருடைய பாதம் தெரியுமா?’ என்று மன்னர் வாதம் செய்யவில்லை. ஒரு பல்லக்கைக் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்தப் பாதத்தைத் தரிசிக்கப் போகும் யோகிகள் நால்வர், அந்தணர்கள் மூவர், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு பெரிய குழுவையே கூட அனுப்பினார். யோகிகள் சிவபாதத்துக்குப் போனார்கள், இபன் பதூதா ஆதம் பாதத்துக்குப் போனார். போன வழி ஒன்றுதான்.

மலைக்கு இரண்டு பாதைகள் இருந்ததாக அவர் எழுதுகிறார். ஒன்று பாபா பாதை, ஆதமின் பெயரால். இன்னொன்று மாமா பாதை, ஏவாளின் பெயரால். அம்மா பாதை சுலபம். அப்பா பாதை கஷ்டம். செங்குத்தான பாறையில் பிடித்து ஏறப் பத்துச் சங்கிலிகள் தொங்கின. அவற்றில் பத்தாவதின் பெயர் ‘கலிமா சங்கிலி’. அந்த இடத்துக்கு வந்து கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தானாகவே கலிமா சொல்லிவிடுவாராம்!

இன்னொரு தகவலையும் அவர் மறைக்கவில்லை. ஒரு காலத்தில் உள்ளூர் மக்கள் முஸ்லிம்களை இந்த மலைக்கு வரவிடாமல் தடுத்து, துன்புறுத்தினார்கள். ஷிராஸ் நகரத்து ஞானி ஒருவர் வந்து போன பிறகுதான் மனம் மாறி, முஸ்லிம் பயணிகளை வீட்டுக்குள் அழைத்துச் சேர்ந்து உண்ணத் தொடங்கினார்கள் என்கிறார். அதாவது, இந்த இணக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. பழகிப் பழகி வந்தது.

பாதத்துக்குச் சொந்தக்காரர் யார்?

மலையேறுபவர்கள் கேட்காத கேள்வியை அரசர்கள் கேட்டார்கள். பிரச்னையும் அங்கேதான் தொடங்கியது.

11ஆம் நூற்றாண்டில் சோழர்களை வென்று ஆட்சியைப் பிடித்த முதலாம் விஜயபாகு, மலைக்கு வரும் யாத்திரிகர்களுக்கு உணவளிக்கக் கிராமங்களை எழுதிவைத்தார். அம்பகமுவ கல்வெட்டு அதைச் சொல்கிறது. தாழ்த்தப்பட்ட சாதியினர் வணங்குவதற்காக உச்சிக்குக் கீழே தனி மேடை கட்டியதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வழியில் சோறு எல்லோருக்கும் உண்டு. உச்சியில் இடம் எல்லோருக்கும் இல்லை. ஏற்றுக்கொள்வதிலும் அன்றைக்கு ஒரு கோடு இருந்திருக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் ராஜசிங்கன் சைவத்துக்கு மாறினார். பௌத்தப் பிக்குகளிடம் இருந்த மலையைப் பிடுங்கிச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தார் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சி சொல்கிறது. பிறகு, 18ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதை ஆண்டிகளிடம் இருந்து எடுத்து மீண்டும் பிக்குகளிடம் ஒப்படைத்தார்.

இந்த இரண்டாமவரின் கதை விசித்திரமானது. அவர் மதுரையில் இருந்து போன நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்தவர். சைவச் சூழலில் வளர்ந்தவர். ஆனால், இலங்கையில் நலிந்து போயிருந்த பௌத்தத் துறவு மரபைப் புதுப்பிக்க 1753ல் சயாம் நாட்டில் இருந்து பிக்குகளை வரவழைத்தவரும் அவரே. பௌத்தத்துக்கு இத்தனை செய்தவரையே ‘இவர் நம்மவர் அல்ல’ என்று ஒதுக்கி, 1760ல் அவரைக் கொல்லச் சதி நடந்தது. இன்னொருவரின் நம்பிக்கைக்கு ஒருவர் எவ்வளவு செய்தாலும், அவரை ஏற்காதவர்கள் எக்காலத்திலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்றும் மலை பௌத்தப் பிக்குகளின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலானவர்கள் பௌத்தர்கள், அடுத்தபடியாக இந்துக்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் குறைவு. ஆனால், படிக்கட்டின் தொடக்கத்தில் மதம் கேட்கும் வாசல் எதுவும் இல்லை.

உச்சியில் ஒரு மணி

உச்சியை அடைந்ததும் செருப்பைக் கழற்ற வேண்டும். கல் தரையின் குளிர் உள்ளங்காலில் இருந்து தலைக்கு ஏறும். நடுவில் சிறிய மண்டபம், அதற்குள் பாதம். இப்போது தெரிவது பாறைமேல் அமைக்கப்பட்ட ஐந்தரை அடி நீளமுள்ள பெரிய தடம். இயற்கையான பழைய தடம் அதற்கு அடியில் இருப்பதாக நம்பிக்கை. சிலர் பூ வைக்கிறார்கள், சிலர் நெற்றி படக் குனிகிறார்கள், சிலர் சும்மா நின்று பார்த்துவிட்டு நகர்கிறார்கள். பக்கத்தில் சமன் தேவனுக்கும் ஒரு சன்னதி உண்டு.

அங்கே ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது முறையாக ஏறி வந்தாரோ, ஒவ்வொருவரும் அத்தனை முறை அடிக்க வேண்டும். முதல் முறை வந்த இளைஞர் ஒரு தடவை அடித்துவிட்டு நகர்வார். பின்னால் வரும் பாட்டி அடிக்கத் தொடங்கினால் எல்லோரும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பத்தைத் தாண்டினால் தெரியாதவர்களும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கிழக்கு வெளுத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. சூரியன் எழும்பும்போது ‘சாது, சாது’ என்ற குரல் ஒரு பக்கம், ‘அரோகரா’ ஒரு பக்கம். சூரியன் வந்து புத்தரை வணங்கும் நேரம் என்று பௌத்தர்கள் இதை ‘இர சேவய’ என்கிறார்கள். அதே சமயம், மேற்குப் பக்கம் போய் நிற்பவர்களுக்கு இன்னோர் அதிசயம் காத்திருக்கும். மலையின் நிழல், யாரோ அளவெடுத்து வரைந்த முக்கோணம் போல, கீழே உள்ள மேகத்தின்மேல் விழுந்து, நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கி மறையும். இபன் பதூதாவுக்கும் யோகிகளுக்கும் தெரிந்ததும் இதே நிழல்தான்.

பகல் வெளிச்சத்தில் அடிவாரம்

இரவில் இருட்டாக இருந்த இடமெல்லாம் தேயிலைத் தோட்டம் என்பது இறங்கும்போதுதான் தெரியும். வரிசை வரிசையாக லயன் வீடுகள், ஆங்காங்கே சின்ன மாரியம்மன் கோயில்கள். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பகுதிகளில் இருந்து கூலி வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் வாரிசுகள் இங்கே வாழ்கிறார்கள். மலை உச்சியில் எல்லோருக்கும் இடம் கொடுத்த நாடு, அடிவாரத்தில் இவர்களுக்கு இடம் கொடுக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. 1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் தமிழகம் வந்தார்கள். இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் பல குடும்பங்களின் கதை அதுதான். இலங்கையில் எஞ்சியவர்களின் பிரச்னை தீர 2003 வரை ஆனது.

பிறகு வந்த நீண்ட போரையும், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளையும் இந்தத் தீவு பார்த்தது. மலை எதையும் தடுத்து நிறுத்திவிடவில்லை. மலையில் ஒரு நாள் கைகொடுத்தவர், ஊருக்குத் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படவும் கூடும். உச்சியில் பழகிய பழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய ஏற்றம்.

ஒரே கல்லில் மூன்று வணக்கங்கள்

திரும்பும் வழியில் கொழும்பில் அரை நாள் இருந்தால், தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வரலாம். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911ல் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டது.

ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீன மொழிப் பகுதி புத்தருக்குக் காணிக்கை தருவதாகச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி, திருமாலின் வடிவமாகக் கருதப்படும் தெனாவரை நாயனாருக்குத் தருவதாகச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால் அமைந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகள் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹே, மூன்று தரப்புக்கும் அவரவர் மொழியில், அவரவர் கடவுளின் பெயரைச் சொல்லிப் பேசத் தெரிந்தவர்.

அவர் மகான் ஒன்றும் அல்ல. வணிகமும் அரசியலும்தான் அவரை வரவழைத்தன. 1411ல் இங்குள்ள ஆட்சியாளர் அழகக்கோனோடு சண்டையிட்டு, அவரைச் சீனாவுக்குச் சிறைபிடித்துச் சென்றவரும் இவரே. ஆனாலும், ஓர் ஊருக்கு வருபவர் அங்கே உள்ளவர்களின் கடவுளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் சொல்லும் பெயரிலேயே வணக்கம் சொல்ல முடியும் என்பதற்கு அந்தக் கல் சாட்சியாக நிற்கிறது.

எப்படிப் போவது? எதைக் கவனிப்பது?

* கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இருந்து பதுளை செல்லும் பாதையில் ஹட்டனில் இறங்க வேண்டும். மலைப் பாதை என்பதால், மழைக்காலத்தில் ரயில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஹட்டனில் இருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ் உண்டு.

* டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அப்போதுதான் பாதை முழுக்க விளக்கு எரியும். பௌர்ணமி நாட்களிலும் வார இறுதியிலும் கூட்டம் அதிகம். குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்கள் வார நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

* இரத்தினபுரி பக்கம் இருந்து ஏறும் பாதை நீளமானது, அட்டைகளும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நல்லதண்ணிப் பாதையே ஏற்றது.

* உச்சியில் குளிர் கடுமையாக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்ற ஒரு மாற்றுச் சட்டை, ஸ்வெட்டர், டார்ச், குடிநீர் அவசியம். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். கைத்தடி உதவும்.

* பாதையில் யாராவது ‘கருணாவாய்’ என்றால், அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் போதும். ஏறுபவர்களுக்கு வழிவிட்டு இறங்குங்கள்.